குறவஞ்சி மேடும் இலண்டன் மேடையும்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் செல்வோர், அருவியின் ஓசை செவியில் விழுமுன்னரே மேலகரத்தைக் கடந்துவிடுவர். திரிகூடராசப்பக் கவிராயரைத் தந்த ஊர் அது. குற்றாலநாதரைத் தலைவராக வைத்து அவர் இயற்றிய குறவஞ்சியில் மனம் பறிகொடுத்த மதுரை மன்னர் முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர், புலவருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. பொன்னும் பட்டும் பரிசிலாகப் பெற்ற புலவர் பலர். தாம் பாடிய நூலின் பெயரை மண்ணுக்கே சூட்டிச் சென்றவர் மிகச் சிலர்.

அந்த மேட்டின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சில் ஒரு வினா எழுகிறது. குறவஞ்சி புலவரின் நூல்; ஆனால் குறத்தியின் பாட்டு. திருவுலா வந்த இறைவனைக் கண்டு வசந்தவல்லி உள்ளம் இழக்கிறாள். நிலவும் தென்றலும் அவளைச் சுடுகின்றன. அதுவரை நூல் பழைய உலா மரபிலும் அகத்துறை மரபிலும் நடந்து வருகிறது. பின்பு கூடையும் மாத்திரைக்கோலுமாகக் குறத்தி சிங்கி தெருவில் வருகிறாள். அவள் வாய் திறந்ததும் நூலின் நடையே மாறிவிடுகிறது. தன் மலையை, தன் நாட்டை, தன் குலத்தை அவள் பாடும் பெருமிதம் அந்நூலில் வேறெவருக்கும் வாய்க்கவில்லை. அவளைத் தேடி வரும் சிங்கனும் அவன் தோழன் நூவனும் புள் பிடிக்கக் கண்ணி வைத்துப் பாடும் பாட்டுகளின் துள்ளல், ஏட்டைப் பார்த்துக் கற்ற துள்ளல் அன்று. மேற்குமலை அடிவாரத்தில் ஊர் ஊராக நடந்து, குறி சொல்லி, பச்சை குத்தி, கூடை முடைந்து விற்ற மக்களின் நாவிலிருந்து கவிராயரின் செவிக்கு வந்த துள்ளல் அது. புலவருக்கு மேடு கிடைத்தது. அவர் செவிக்கு இசை ஈந்த குறத்திக்கு என்ன கிடைத்தது?

கவிராயரைக் குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. குறத்தியை நகைப்புக்கு உரியவளாக்காமல், கேட்டவர்க்கெல்லாம் மறுமொழி சொல்லும் நிமிர்வோடு நிறுத்தியவர் அவர். பின்வந்தோரைப் பற்றியதே நம் வினா. அவருக்கு முன்னரே குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடினார். அவருக்குப் பின் சிவக்கொழுந்து தேசிகர் தஞ்சைச் சரபோசி மன்னர்மேல் குறவஞ்சி செய்தார். வேதநாயக சாத்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். சிவனைப் பாடவும் அரசரைப் பாடவும் ஏசுபெருமானைப் பாடவும் குறத்தியின் வாய் எல்லோர்க்கும் வேண்டியிருந்தது. அவள் வாழ்வைக் கேட்டறிய வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், இதே வினா கடல்கடந்த ஒரு நகரத்தில் எழுந்தது. அங்கே அதை எதிர்கொண்டவர்கள் சில இளைஞர்கள். அவர்கள் செய்த நன்மையும் அவர்கள் வழிவந்தோர் செய்த பிழையும் குற்றாலச் சாரலில் நின்று எண்ணிப் பார்க்கத் தக்கவை.

அவர்கள் எடுத்துப் பாடிய பாட்டின் பிறப்பிடமாகிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1865ஆம் ஆண்டு அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. வயல்களில் அது ஒழியவில்லை. மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் பருத்தித் தோட்டங்களில் வாரத்துக்கு உழுது, அறுவடைக்குப் பின்னும் கடனாளியாகவே வீடு திரும்பிய கறுப்பின மக்களிடையே பிறந்தது ப்ளூஸ் என்னும் பாட்டு. அதைத் துயரப்பாட்டு என்று மட்டும் சொல்வது பொருந்தாது. காதலும், ஏளனமும், ஊரைவிட்டுப் புறப்படும் வேட்கையும் அதில் உண்டு. ஓர் அடியை இருமுறை பாடி, மூன்றாம் அடியில் அதற்கு மறுமொழி சொல்லி, பன்னிரண்டு தாளக் கட்டுகளில் ஒரு கண்ணியை முடிப்பர். பியானோவின் எந்தக் கட்டையிலும் பிடிபடாத இடைச் சுரங்களில் குரல் வழுக்கி இறங்கும். கமகம் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அந்த வழுக்கல் அயலானது அன்று. அப்பாட்டை முதன்முதல் கேட்கும் தமிழர் பலர், எங்கோ கேட்ட ஒப்பாரி என்று திகைப்பது இதனால்தான்.

பிரித்தானியாவுக்கு இப்பாட்டு முதலில் இசைத்தட்டுகளாகச் சென்றது. இருநாட்டு இசைக்கலைஞர் சங்கங்களுக்கு இடையே மூண்ட பிணக்கால், 1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்க இசைக்குழுக்கள் அங்கே வாசிக்க இயலவில்லை. தனிப்பாடகராகச் சிலர் சென்றனர். 1951ஆம் ஆண்டு பிக் பில் புரூன்சி வந்தார். இசைக்குழுத் தலைவர் கிறிஸ் பார்பர், தம் பொறுப்பில் கறுப்பினக் கலைஞர்களை அழைத்து நாடெங்கும் பாடச் செய்தார். 1957இல் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பும், அடுத்த ஆண்டில் சோனி டெரியும் பிரவுனி மெக்கீயும், அவ்வாண்டின் அக்டோபர்த் திங்களில் மட்டி வாட்டர்சும் அவ்வாறு வந்தவர்களே.

பார்பரின் குழுவில் இருந்த லோனி டொனெகன் 1954ஆம் ஆண்டு ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ராக் ஐலண்ட் என்னும் இருப்புப்பாதையைப் பற்றிய பாட்டு அது. ஈராண்டு கழித்து அது நாடெங்கும் பரவியது. துணி துவைக்கும் பலகையும், தேயிலைப் பெட்டியில் கோலும் கயிறும் கட்டிய கருவியும், மலிவான கித்தாரும் கிடைத்த சிறுவரெல்லாம் பாடத் தொடங்கினர். அப்பாட்டு முதலில் பதிவானது எங்கே? அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலச் சிறையில். நாட்டுப்பாடல் தேடிச் சென்ற சான் லோமாக்ஸ், 1934இல் கெல்லி பேஸ் என்னும் கைதியும் அவருடன் இருந்தோரும் பாடக் கேட்டு அதைப் பதிவு செய்தார். உடன் சென்றிருந்த லெட் பெல்லி என்னும் பாடகர் அதைக் கற்றுத் தம் பாட்டாக்கிக்கொண்டார். இலண்டனில் அது புகழின் உச்சியை எட்டியபோது லெட் பெல்லி மறைந்து ஆறாண்டுகள் கடந்திருந்தன. சிறைச்சாலையிலிருந்து இசைத்தட்டுக் கடை வரை வந்த வழியில் அந்தப் பாட்டு எத்தனை பேரைப் பின்னே விட்டுவிட்டு நடந்திருக்கிறது!

இந்தச் சூழலில்தான் அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிசும் வருகிறார்கள். பிரித்தானிய ப்ளூஸ் இசையின் முன்னோடிகள் என்று இவ்விருவரையும் சொல்வதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கோர்னர் 1928இல் பாரிசு நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இலண்டன் வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. டேவிஸ் ஊர்திகளின் நசுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்தும் தொழிலாளி. பன்னிரு நரம்புக் கித்தாரையும் வாயிசைப் பேழையையும் இயக்கியவர். 1957இல் சோகோ பகுதியில், வார்டர் தெரு மதுக்கடை ஒன்றின் மாடியறையில், இருவரும் ப்ளூசுக்கெனவே ஒரு மன்றம் தொடங்கினர். தாங்கள் பாடி மகிழ்வதோடு அவர்கள் அமையவில்லை. கடல்கடந்து வந்த கறுப்பினக் கலைஞர்களை அந்த அறைக்கு அழைத்துப் பாடச் செய்தனர். கோர்னரின் இல்லம் அவர்களுக்கு விருந்தில்லமாயிற்று. இசைத்தட்டில் கேட்ட குரலுக்கு உரியவரை நேரில் அமர்த்தி, அவர் விரல் நரம்பில் எவ்விடத்தில் அழுந்துகிறது என்று பார்த்துக் கற்றனர். நம் நாட்டில் இதைக் குருகுலம் என்போம்.

மட்டி வாட்டர்ஸ் வந்த அதே 1958ஆம் ஆண்டில் பிபிசி தொலைக்காட்சி இன்னொரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவர் போல் நடித்துப் பாடும் நிகழ்ச்சி. அது இருபது ஆண்டுகள், 1978 வரை, ஓடியது. மட்டி வாட்டர்ஸ் மேடையேறிய ஆண்டும், கரி பூசிய முகங்கள் இல்லந்தோறும் நுழைந்த ஆண்டும் ஒன்றே என்பதை மறவாமல் மனத்தில் கொள்ள வேண்டும். ஒருவரின் பாட்டை எடுத்துக்கொள்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. அவர் அருகில் அமர்ந்து கற்கலாம். அவர் வேடத்தைத் தரித்து நகைக்கலாம். பின்னதற்கே அரங்கும் பணமும் மிகுதியாகக் கிடைத்தன.

மாடியறையின் கதை விரைவாக வளர்ந்தது. கோர்னரும் டேவிசும் 1961இல் ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட் என்னும் குழுவை அமைத்தனர். 1962 மார்ச் 17ஆம் நாள் இலண்டனின் மேற்கே ஈலிங்கில் ஒரு நிலவறையில் புதிய மன்றம் திறந்தனர். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்று உலகு போற்றிய குழுவினர் ஒருவரையொருவர் கண்டுகொண்டது அங்கேதான். அவர்கள் பெயரே மட்டி வாட்டர்சின் ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் மான்செஸ்டருக்கு வந்த கறுப்பினக் கலைஞர் குழுவைக் கேட்பதற்காக இலண்டனிலிருந்து ஊர்தியில் நெடுவழி சென்ற இளைஞருள் அவர்களும் இருந்தனர். சான் மேயால் நடத்திய குழு, எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், மிக் டெய்லர் என்று ஒருவர் பின் ஒருவராகக் கித்தார்க் கலைஞரை உருவாக்கி அனுப்பிய பள்ளியாயிற்று. டேவிஸ் இவற்றின் முழுப் பயனைக் காணவில்லை. 1964 சனவரியில், முப்பத்தோராம் அகவையில், மறைந்தார்.

இவ்வரலாற்றின் மறுபக்கம் கசப்பானது. லெட் செப்பெலின் என்னும் குழு 1969இல் வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டிய பாட்டொன்றில், சிகாகோவின் வில்லி டிக்சன் எழுதிய பாட்டின் சொற்கள் இருந்தன. அவர் பெயர் இல்லை. டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். ஈராண்டு கழித்து வழக்கு இணக்கமாக முடிந்தது. தம் உரிமையை மட்டும் அவர் எண்ணவில்லை. இழந்த உரிமையை மீட்க இயலாத முதிய கலைஞர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை நிறுவினார். தாம் பாட்டெழுதிப் பிறர் செல்வம் சேர்த்த அதே சிகாகோப் பதிவுக்கூடக் கட்டடத்தில் அந்த அறக்கட்டளை பின்னர் இடங்கொண்டது. உரிமத் தொகையை முறையாகச் செலுத்தியோரும் உண்டு. கிரீம் என்னும் குழு ஸ்கிப் ஜேம்சின் பாட்டொன்றை அவர் பெயரோடு பதிவு செய்ததால், வறுமையிலும் நோயிலும் இருந்த அந்த முதியவருக்கு வாழ்நாளில் கண்டிராத தொகை கைக்கு வந்தது. ஒரு பெயரை அச்சிடுவதற்கும் விடுவதற்கும் இடையே ஒரு மனிதனின் மருந்தும் சோறும் இருந்தன.

குற்றாலத்துக்கு மீள்வோம். நம்மிடம் நடந்தது இன்னும் கொடியது என்று சொல்ல நேர்வதில் நமக்கு வருத்தமே. ஆங்கில அரசு 1871ஆம் ஆண்டு குற்றப் பழங்குடிகள் சட்டம் இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பிரிவுகள் பலவும் அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டன. ஊர்விட்டு ஊர் செல்லவும் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்தது. நடப்பதே தொழிலாகவும், நடக்கும் வழியெல்லாம் பாட்டாகவும் வாழ்ந்த மக்களுக்கு அதைவிடக் கொடிய தண்டனை வேறில்லை. தாய் வயிற்றிலிருந்து விழுந்த குழந்தை குற்றவாளியாகவே விழுந்தது. பாட்டில் மலையரசியாக நின்றவள் சட்டத்தில் பிறவிக் கள்ளியானாள்.

ருக்மிணிதேவி அருண்டேல் 1944ஆம் ஆண்டு கலாசேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கி அரங்கேற்றினார். அந்நிறுவனத்தின் நாட்டிய நாடக மரபு அதிலிருந்தே தொடங்குகிறது. ஏட்டில் உறங்கிய நூலுக்கு உடலும் ஒளியும் தந்த அரும்பணி அது. அதைப் போற்றுவதில் நாம் எவர்க்கும் பின்னிற்க மாட்டோம். ஆயினும் அந்த ஆண்டையும் கருத வேண்டும். சென்னை மாகாணத்தில் குற்றப் பழங்குடிகள் சட்டம் நீங்கியது 1947இல். நாடு முழுதும் 1952இல். அடையாற்றில் சிங்கி வேடம் தரித்த நங்கை மலைவளம் பாடி அவையைக் கவர்ந்த அந்த நாளிலும், உண்மைச் சிங்கிகளின் கணவன்மார் காவல் நிலைய ஏட்டில் கைரேகை பதித்துக்கொண்டிருந்தனர். அவையில் இருந்தோர் கல்வியும் அருளும் உடையவர்கள். அவர்களில் எவருக்கும் தீய எண்ணம் இருந்ததாக நாம் கருதவில்லை. இரண்டு காட்சிகளும் ஒரே நாட்டில், ஒரே பொழுதில் நிகழ்கின்றன என்பது அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. அதுவே நம்மை உறுத்துகிறது.

கரி பூசிய முகத்துக்கு நிகரானதும் நம்மிடம் இருந்தது. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில், குறவர் அல்லாதோர், இழிந்த பேச்சும் ஆபாச அசைவும் கலந்து திருவிழா மேடைகளில் ஆடிவந்தனர். தங்கள் பெயரைச் சொல்லித் தங்கள் பெண்களை இழிவு செய்வதைப் பொறாத அம்மக்கள் நெடுநாள் முறையிட்டனர். 2023இல் நீதிமன்றமும் தமிழ்நாடு அரசும் அதைத் தடுத்தன. தடை நன்று. ஆனால் இழிவான பொய்க்குறத்தியை மேடையிலிருந்து இறக்கியது பாதி வேலை. மெய்க்குறத்தி ஏறுவதற்கு அந்த மேடை இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. குறவரையும் நரிக்குறவரையும் ஒன்றெனக் கருதும் அறியாமையும் படித்தோரிடமே மிகுதி. இருவரும் வேறு வேறு மரபினர், வேறு மொழியினர். நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் 2023இல்தான். யாருடைய பாட்டு என்று கேளாதவர்களுக்கு இவர் யார் என்பதும் தெரிவதில்லை.

இதே தென்காசி மாவட்டத்தில் நடந்த இன்னொரு செய்தி நமக்கு ஆறுதல் தருகிறது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் முப்பது அகவை நிறையுமுன்னர் மறைந்தவர். ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப் புலவர். இலக்கணம் கற்றவர், திருவாவடுதுறையில் பயின்றவர். யமகமும் திரிபும் பாடிப் புலவர் கூட்டத்தின் பாராட்டைப் பெறும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அவரோ கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் செல்வோரின் நடைப்பாட்டைக் கையில் எடுத்தார். தோளில் காவடி, காலில் சலங்கை, தலைக்கு மேல் வெயில். அந்த நடையின் ஏற்ற இறக்கத்தில் பிறப்பது சிந்து. யாப்பு நூல் கற்றோர் அதை எளியோரின் வடிவம் என்று ஒதுக்கியிருந்தனர். அதன் சந்தத்தை ஒரு மயிரிழையும் தளர்த்தாமல், அதற்குள்ளே செந்தமிழின் முழு வளத்தையும் அவர் நிறைத்தார். கச்சேரி மேடையில் முன்னணிப் பாடகர்கள் இன்று அதைப் பாடுகிறார்கள். பங்குனி வெயிலில் கழுகுமலைக்கு நடப்போரும் அதையே பாடுகிறார்கள். மேடைக்கு ஏறிய பின்னும் தெருவைவிட்டு நீங்காத பாட்டு அது.

சிந்து அவரோடு நின்றுவிடவில்லை. எட்டயபுரத்துப் பிள்ளையாகிய பாரதியார் அதை நாட்டின் விடுதலைக் குரலாக்கினார். அந்தப் பாரதியாரும் 1918 முதல் 1920 வரை இதே தென்காசிச் சீமையில், தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தவரே. கோர்னரின் மாடியறையிலிருந்து உலகெங்கும் பரவிய இசைக்கு நிகராக, ஊற்றுமலையிலிருந்தும் கழுகுமலைச் சாலையிலிருந்தும் புறப்பட்ட சந்தம் தமிழ் முழுதும் பரந்தது. நமக்கு இது குறைந்த பெருமை அன்று.

பெயர் எழுதி வைப்போரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். சான் லோமாக்சின் மகன் ஆலன், 1941ஆம் ஆண்டு மிசிசிப்பியின் ஸ்டோவல் தோட்டத்தில் ஓர் இளம் உழவரின் பாட்டைப் பதிவு செய்தார். தன் குரலைத் தானே தட்டில் கேட்டபோதுதான் தானும் பாடகன் என்னும் உறுதி பிறந்ததாக அந்த உழவர் பின்னர்ச் சொன்னார். அவர்தாம் மட்டி வாட்டர்ஸ். நம்மிடையே அத்தகைய பணிக்குத் தம்மைக் கொடுத்தவர் பாளையங்கோட்டைப் பேராசிரியர் நா. வானமாமலை. பல்கலைக்கழக நாற்காலி எதுவும் இன்றி, மாணவர்களையும் நண்பர்களையும் ஊர்ப்புறங்களுக்கு அனுப்பி, நெல்லைச் சீமையின் நாட்டுப் பாடல்களையும் கதைப் பாடல்களையும் திரட்டினார். 1969இல் ஆராய்ச்சி என்னும் இதழைத் தொடங்கினார். அவர் தொடங்கியதை அதே ஊரில் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையினர் தொடர்ந்தனர். நூல்கள் உள்ளன. வேண்டுவது, நூலிலுள்ள குரலுக்கு உரியவர் நம் முன் நிற்பது.

ஏனெனில் குரல்கள் இன்னும் ஓயவில்லை. சுடலைமாடன் கோயில் கொடைகளில் கணியான் கூத்து நிகழ்த்தும் கலைஞர்களைத் தென்காசி மக்கள் அறிவர். உச்சம் என்றும் மந்தம் என்றும் இரு மகுடப் பறைகள். அவற்றின் அதிர்வுக்கு இடையே அண்ணாவி இரவு முழுதும் கதை பாடுவார். விடியுமுன் கணியான் தன் கையைக் கீறித் தெய்வத்துக்குக் குருதியும் தருவார். பாட்டுக்காக உடலைக் கீறுவோர் உலகில் எத்தனை பேர்? காலையில் அவர்கள் கருவியைத் துணியில் கட்டிக்கொண்டு பேருந்துக்குக் காத்திருப்பர். பெரிய விழாக்களில் அவர்களைப் போன்ற கலைஞர்களுக்கு வாய்க்கும் இடம் பெரும்பாலும் வாயில்தான். தலைவர்கள் வரும்போது வெயிலில் நின்று ஆடி வரவேற்பார்கள்; தலைவர்கள் உள்ளே சென்றதும் கலைந்துவிடுவார்கள்.

குற்றாலத்தில் தம் பிற்கால வாழ்வைக் கழித்த இரசிகமணி டி.கே.சி., பாட்டைச் செவியால் கேட்க வேண்டும் என்று நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் வீடு தேடி இராசாசியும் கல்கியும் வந்தனர். தமிழ்ப் பாட்டு மேடையேற வேண்டும் என்று எழுந்த தமிழிசை இயக்கத்தின் குரல்களுள் அவர் குரலும் ஒன்று. 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது; தமிழ் மேடையேறியது. அப்போராட்டத்தின் அடுத்த படி, அத்தமிழை நெல் நாற்றோடும் கூடையோடும் சுமந்து வந்தவர்கள் ஏறும் படி, எண்பது ஆண்டுகளாக நம் காலுக்காகக் காத்துக் கிடக்கிறது.

அரசுக்கும் இசையுலகுக்கும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். குற்றாலத்தில் ஆண்டுதோறும் நிகழும் சாரல் விழாவில் ஒரு மாலைப்பொழுதை முழுமையாகக் குறம், கணியான் கூத்து, வில்லிசை, காவடிச்சிந்து ஆகியவற்றின் மரபுக் கலைஞர்களுக்கே ஒதுக்குக. அது விழாவின் முதல் மாலையாக இருக்கட்டும். அவையோர் அமர்ந்து கேட்கும் மாலையாக இருக்கட்டும். திரைப்பாடகருக்கு அளிக்கும் மதிப்பூதியத்துக்கு நாணாமல் ஒப்பிடத்தக்க தொகையை அவர்களுக்குத் தருக. பாடுவோரின் முழுப்பெயரும் ஊரும் அறிவிப்பில் இடம்பெறுக. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் இருக்கிறது. அதன் அட்டை இறுதிச் சடங்குக்கு உதவுவதைவிட, வாழும்போது அரங்கு பெற உதவினால் நன்று. மாவட்டங்களின் அரசு இசைப்பள்ளிகளில் அண்ணாவிகள் ஆசிரியராக அமரட்டும். அவர்களிடம் பட்டம் கேட்க வேண்டா. இரவு முழுதும் பாடும் நினைவாற்றலைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லை.

நாட்டுப்புற மெட்டுகளை எடுத்தாளும் இசையமைப்பாளர்களுக்கும் ஒன்று சொல்வோம். மரபுப் பாடல் என்று எழுதிவிட்டால் கடன் தீர்ந்தது என எண்ண வேண்டா. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு செய்த திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கும் உரிமத் தொகையில் பங்கு தருகிறது. ஊரில் ஒருவர் பாடக் கேட்டு அதை மெட்டாக்கினால், அவர் பெயரைப் பாட்டின்கீழ் எழுதுங்கள். அவரை அழைத்துப் பாட வையுங்கள். குறவஞ்சியை நாட்டிய நாடகமாக நடத்தும் பள்ளிகள், அரங்கேற்றத்துக்கு முன் ஒரு நாளேனும் குறவர் குடியிருப்புக்குச் சென்று, குறி சொல்லும் மூதாட்டியரோடு அமர்ந்து கேளுங்கள். கூடையை இடுப்பில் எவ்வாறு இருத்துவது, கோலை எப்போது உயர்த்துவது, எந்தச் சொல்லில் குரலை இழுப்பது என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கின்றன.

1965 மே திங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை அழைத்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், வில்லி டிக்சன் எழுதி ஹவுலின் வுல்ஃப் பாடிய பாட்டொன்றைத் தாங்கள் பாடிப் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றிருந்தனர் அவ்விளைஞர்கள். தாங்கள் வர வேண்டுமானால் ஹவுலின் வுல்ஃபும் அழைக்கப்பட வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். அழைத்தார்கள். ஐம்பத்தைந்து அகவை நெருங்கிய, மலைபோன்ற அந்த மனிதர் மேடை நடுவே நின்று பாடினார். அவரைப் பார்த்துக் கற்ற இளைஞர்கள் அவர் காலடியைச் சுற்றி அமர்ந்து கேட்டனர். அவர் பிறந்த நாட்டின் இளைஞர்கள் பலர் அவர் முகத்தை முதன்முதல் கண்டது அன்றுதான்.

ஆடித் திங்களில் மலைமுகடு மறையச் சாரல் பொழிகையில், மேலகரத்துக்கும் அருவிக்கும் இடையே எங்கேனும் ஒரு மேடை எழுப்புங்கள். குறவர் குடியில் பிறந்த பெண் ஒருத்தி தன் பெயரும் தன் ஊரும் சொல்லி, அதன் நடுவே நின்று மலைவளம் பாடட்டும். கலைமாமணிகளும் அமைச்சர்களும் இசைப்பள்ளி மாணவர்களும் கீழே சமுக்காளத்தில் அமர்ந்து அதைக் கேட்கட்டும்.